நிலவறையில் நார்பர்ட்டின் மூச்சு

"என் புருஷன் நிலவறையில மூச்சு விடுறார்," என்றாள் டோலரிஸ் ஷிமான்ஸ்கி. "அவர் செத்து ஆறு வாரம் ஆச்சு."

காபி ஊற்றிக்கொண்டிருந்த லைல் புட்ஸின்ஸ்கியின் கை அப்படியே நின்றது. வெர்னா ஹோல்ட்ஸ் மட்டும் தன் கோப்பையில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். தீ விபத்துக்கும் வாயு விபத்துக்கும் காரணம் தேடித் தரும் வேலையில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். இப்போது லிங்கன் அவென்யூவில் ஒரு பேக்கரியின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். லைல் அவளிடம் காரோட்டி, எழுத்தர், ஆர்வக்கோளாறு எல்லாமே. வயது ஐம்பதைத் தாண்டியும் ஆர்வம் குறையவில்லை.

"உட்காருங்க, மிஸஸ் ஷிமான்ஸ்கி. மூச்சு எப்ப ஆரம்பிச்சது?"

"அடக்கம் முடிஞ்ச மறுநாள் சாயங்காலம்." அவள் கோட்டின் தோளில் இருந்த பனி உருகி நாற்காலியில் சொட்டிக்கொண்டிருந்தது. "நிலவறையில அவரோட பீர் பிரிட்ஜ் இருக்கு. அவரே காய்ச்சுவார், அவரே பீப்பாயில அடைப்பார், குழாயைத் திருகினா பீர் வரும். தினமும் நான் போய் அந்தக் கதவைத் திறந்து அவர்கிட்ட நாலு வார்த்தை பேசுவேன். நான் பேசற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு கேப்பார். கதவைச் சாத்தினதும் ஆரம்பிப்பார். ஸ்ஸ்ஸ்... அப்புறம் நிக்கும். ஸ்ஸ்ஸ்... அப்புறம் நிக்கும்."

"கேஸ் கசியுது மேடம்!" என்றான் லைல். அவனும் வீட்டில் பீர் காய்ச்சுகிறவன். நண்பர்கள் மரியாதைக்காகக் குடித்துவிட்டுப் போவார்கள்.

டோலரிஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "முப்பது வருஷம் அந்த மனுஷனோட குடித்தனம் பண்ணியிருக்கேன் தம்பி. கேஸ் போகுதுன்னு எனக்குத் தெரியாதா? அரை வருஷம் வர்ற சிலிண்டர் ஒரு வாரத்துல காலியாகுது. அவரோட சிநேகிதன் வெண்டெல் மூணு தடவை சோப்புத் தண்ணி அடிச்சுப் பாத்துட்டான். கசிஞ்சா குமிழி வரணும், ஒண்ணுகூட வரல. கேஸ் போறது எனக்குத் தெரியும். அதை யாரு விடுறாங்கன்னுதான் தெரியல."

வெர்னா கரண்டியைக் கீழே வைத்தாள். "காலையில தலைவலி இருக்கா?"

"இருக்கு."

"வாந்தி வர்ற மாதிரி?"

"எப்படித் தெரியும்?"

"நீங்க எங்க படுக்கறீங்க?"

"பிரிட்ஜ் பக்கத்துல மடக்குக் கட்டில் போட்டிருக்கேன். வேற எங்க படுப்பேன்?"

"இன்னைக்கு அங்க படுக்காதீங்க."

"படுப்பேன்," என்றாள் டோலரிஸ். கோபம் இல்லை, பிடிவாதம்கூட இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னாள். "யாருன்னு சொல்லுங்க, அதுக்குத்தான் வந்தேன். எங்க படுக்கணும்னு கேக்க வரல."

வெர்னா எழுந்து கோட்டை மாட்டினாள். குடிக்காத காபியை லைல் வருத்தத்தோடு பார்த்தான்.

*

மில்வாக்கியின் தென்பகுதியில் ஏரிக்காற்று அன்று கத்தி போல வீசியது. வீடு ஒரு பழைய செங்கல் பங்களா. அதன் முன் திண்ணைக்கு அடியில், கீழ்த்தளத்தை ஒட்டி, ஒரு சின்ன கான்கிரீட் அறை. ஒரு காலத்தில் பழம், ஊறுகாய் ஜாடிகள் வைத்த இடம். அதைத்தான் நார்பர்ட் பீர் அறையாக்கியிருந்தார்.

வெண்டெல் யாங்கே வாசலிலேயே நின்றிருந்தான். கதவு அளவுக்கு அகலமான ஆள். தாடியில் பனி ஒட்டியிருந்தது. "டோலரிஸ், துப்பறியறவங்களைக் கூட்டிட்டு வந்துட்டியா? என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உன்கிட்ட மூணு தடவை சொன்னேன். நீ மூணு தடவையும் சோப்பு நுரையைப் பாத்துட்டு சாண்ட்விச் சாப்பிட்டுட்டுப் போன."

வெண்டெல் சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தான். லைல் வெர்னாவின் காதருகே குனிந்தான். "சாவி இவன்கிட்டயும் இருக்கு. ராத்திரி வந்து ஒரு குழாய் இணைப்பைத் தளர்த்திட்டு, காலையில இறுக்கிட்டுப் போனா? சோப்புத் தண்ணியில எப்படி அகப்படும்?"

"முந்தாநாள் விழுந்த பனி பாதை முழுக்க இருக்கு," என்றாள் வெர்னா. "அதுல வீட்டுக்காரம்மா காலடி போயிருக்கு, வந்திருக்கு. இப்ப வெண்டெல் காலடி. அப்புறம் நம்மது. பின்வாசல் பனியில ஒரு குருவி நடந்த அடையாளம்கூட இல்ல. ராத்திரி வந்தவன் பறந்துதான் வந்திருக்கணும்."

"பறந்து வர்றவங்களைப் பத்தித்தான் அந்தம்மா சொல்றாங்க," என்று லைல் முணுமுணுத்தான்.

நிலவறைப் படிகளின் நடுவில் ஒரு கிழட்டு நாய் உட்கார்ந்திருந்தது. பெயர் பியரோகி. டோலரிஸ் இறங்கியபோது அதுவும் எழுந்தது, இரண்டு படி வந்தது, பிறகு மூக்கை மேலே தூக்கிக்கொண்டு பின்வாங்கியது. "அவர் போனதுலேருந்து கீழ வர மாட்டேங்குது," என்றாள் டோலரிஸ். "அதுக்குத் தெரியும்."

அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரும் போகக்கூடாது என்று கையை நீட்டித் தடுத்தாள் வெர்னா. கதவை மெதுவாகத் திறந்தாள். இருட்டு. குளிர். உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது.

ஸ்ஸ்ஸ்...

பிறகு அமைதி. தூங்குகிறவன் மூச்சை வெளியே விட்டுவிட்டு அடுத்ததை இழுக்க மறந்தது போன்ற அமைதி. லைல் அறியாமலே தன் மூச்சையும் நிறுத்திக்கொண்டு காத்திருந்தான். மறுபடி ஸ்ஸ்ஸ்... அவன் பிடரி சிலிர்த்தது. விளக்கம் தெரிந்த சத்தம்தான். ஆனாலும் சிலிர்த்தது.

தரையில், பிரிட்ஜின் காலடியில், கல்லறைகளில் வைக்கிற சிவப்புக் கண்ணாடி விளக்கு ஒன்று அணைந்து கிடந்தது.

"தினமும் ஏத்தறேன்," என்றாள் டோலரிஸ். "கொஞ்ச நேரத்துல அவரே ஊதி அணைச்சிடறார். வெளிச்சம் இருந்தா தூக்கம் வராது அவருக்கு."

வெர்னா தன் பையிலிருந்து ஒரு மெழுகுவத்தியை எடுத்து, நீளமான கம்பியின் நுனியில் செருகி, பற்றவைத்து, வாசலில் நின்றபடியே அறைக்குள் நீட்டினாள். இடுப்பு உயரத்தில் சுடர் நன்றாக எரிந்தது. முழங்கால் உயரத்தில் மங்கியது. இன்னும் கீழே இறக்கியதும், தண்ணீரில் முக்கியது போலச் சட்டென்று அணைந்தது. காற்று வீசவே இல்லை. புகை மேலே எழாமல் தரையோடு தரையாகத் தவழ்ந்து போனது.

வெர்னா கம்பியை வெளியே இழுத்தாள்.

"கட்டில் எவ்வளவு உயரம்?" என்று வெர்னா கேட்டாள்.

டோலரிஸ் தன் முழங்காலுக்குக் கீழே கையைக் காட்டினாள்.

வெண்டெலின் முகம் வெளிறிப் போனது. "நான் எப்பவும் பகல்ல, கதவையெல்லாம் திறந்து போட்டுட்டுத்தான் பாத்தேன். கடவுளே, டோலரிஸ்!"

லைல் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடி, சின்ன ஜன்னலில் குளிருக்காகத் திணித்திருந்த பழைய துண்டைப் பிடுங்கி, ஜன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பி ஓடி வந்தான். அறைக் காற்று மாறும் வரை எல்லோரும் மேலே சமையலறையில் காத்திருந்தார்கள். டோலரிஸ் பழக்கத்தால் கேக் வெட்டி வைத்தாள். யாரும் தொடவில்லை. வெண்டெல் மட்டும் ஒரு துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

*

அறை பாதுகாப்பானது என்று மெழுகுவத்தி தரைவரை எரிந்து காட்டிய பிறகே வெர்னா உள்ளே போனாள். லைல் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

மார்பளவு உயரமுள்ள பழைய பிரிட்ஜ். அதன் தலையில் ஒரு தூணும் மூன்று குழாய்களும். பக்கத்தில் வாயு சிலிண்டர், அதன் கழுத்தில் ரெகுலேட்டர். அங்கிருந்து ஒரு ரப்பர் குழாய் பிரிட்ஜின் பக்கவாட்டு ஓட்டை வழியாக உள்ளே போனது. சிலிண்டரில் இருப்பது கரியமில வாயு. அது பீப்பாய்க்குள் இறங்கி பீரை அழுத்தும், பீர் குழாய் வழியே மேலே ஏறும். பீருக்குள் நுரையைக் காப்பதும் அதே வாயுதான்.

ஸ்ஸ்ஸ்... என்றது ரெகுலேட்டர்.

"சத்தம் இங்கேருந்துதான் வருது," என்றான் லைல். காதை ரெகுலேட்டரோடு ஒட்டி வைத்திருந்தான். "நிச்சயமா இங்கதான்."

"நானும் அங்கதான் கேட்டேன்," என்றான் வெண்டெல். "வாஷரை மாத்தினேன். புது ரெகுலேட்டரே மாட்டினேன். அதுவும் அப்படியே மூச்சு விடுது."

வெர்னா சோப்புத் தண்ணீரை அதன் மூட்டுகளில் அடித்தாள். குமிழி இல்லை. பிறகு பிரிட்ஜ் கதவைத் திறந்தாள். அடுத்த ஸ்ஸ்ஸ் பாதியில் நின்றது.

அப்புறம் வரவேயில்லை.

"பாத்தீங்களா?" என்று டோலரிஸ் கிசுகிசுத்தாள். "கேக்கறார்."

லைலுக்கு அவளைப் பார்க்கத் துணிவில்லை. அவன் பிரிட்ஜுக்குள் இருந்தவற்றை எண்ணினான். நாலு எஃகுப் பீப்பாய்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. "மேல குழாய் மூணுதானே இருக்கு?"

"முன்னால நிக்குறது நார்பர்ட்டோட கடைசி பீர்," என்றான் வெண்டெல். "அவன் போனப்ப வாளியில புளிச்சுப் பொங்கிட்டிருந்தது. எங்க காய்ச்சுற கூட்டத்துல ஒருத்தன் போயிட்டா, அவன் கடைசியா காய்ச்சினதை உடனே குடிக்க மாட்டோம். வருஷ நினைவு நாள் வரைக்கும் கேஸ்ல வெச்சுக் காப்பாத்துவோம். ஒரு நாள்கூட கேஸை எடுக்கக் கூடாது. அதனால அடக்கம் முடிஞ்ச மறுநாள் நான் வந்து பீப்பாயில ஊத்தி, உள்ள வெச்சு, கேஸ் குழாய் மட்டும் மாட்டிட்டுப் போனேன். பீர்க் குழாய் மாட்டல. யாரும் தொடக் கூடாதில்ல?"

நாலு பீப்பாயிலும், எல்லா மூட்டுகளிலும் வெர்னா சோப்புத் தண்ணீர் அடித்தாள். எங்கும் குமிழி இல்லை. வெண்டெல் தோளைக் குலுக்கினான். வெர்னா கதவைத் தள்ளிச் சாத்தினாள். அது மெதுவாகத் தானே திறந்துகொண்டது.

"முழங்காலால தள்ளணும்," என்றாள் டோலரிஸ். வந்து, பழகிய அசைவில், முழங்காலால் ஓர் அழுத்து அழுத்தினாள். கதவு பிடித்துக்கொண்டது.

வெர்னாவின் முகத்தில் எதுவும் மாறவில்லை. அவள் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரம் பார்த்ததை மட்டும் லைல் கவனித்தான். அவள் ஒன்றைப் பிடித்துவிட்டால் அப்படித்தான் செய்வாள். நேரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது.

சற்று நேரத்தில் இருட்டிலிருந்து அது மீண்டும் வந்தது. ஸ்ஸ்ஸ்...

"மிஸஸ் ஷிமான்ஸ்கி, உங்க லிப்ஸ்டிக்கைக் கொஞ்சம் குடுக்கறீங்களா?"

*

"முதல்ல இந்த முள்ளைப் பாருங்க," என்றாள் வெர்னா. ரெகுலேட்டரில் இருந்த அழுத்தமானியைக் காட்டினாள். பிரிட்ஜ் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, சிலிண்டரின் வாயை இறுக மூடினாள். "இப்ப உள்ள இருக்குற கேஸ் மட்டும்தான் இருக்கு. புதுசா வராது. எங்கயாவது கசிஞ்சா முள் இறங்கணும்."

காத்திருந்தார்கள். ஜன்னல் வழியே தெரிந்த வானம் சாம்பலிலிருந்து நீலமானது. முள் அசையவில்லை.

"அதைத்தான் நான் சொன்னேன்," என்றான் வெண்டெல். "கசிவே இல்ல."

"நீங்க இப்படித்தானே பாத்தீங்க? கதவைத் திறந்து வெச்சு?"

"பின்ன? சாத்திட்டு எப்படிம்மா சோப்பு அடிக்கிறது? நான் என்ன உள்ள போய் உக்காந்துக்கவா?"

"உன் உடம்புக்கு அதுல இடம் இல்ல," என்றாள் டோலரிஸ், தன்னை மறந்து.

வெர்னா லிப்ஸ்டிக்கைத் திறந்து, முன்வரிசைப் பீப்பாயின் தலையில் செருகியிருந்த வாயு இணைப்பின் நுனியில் தடவினாள். முழங்காலால் கதவைத் தள்ளிச் சாத்தினாள். பிறகு மறுபடி முள்ளைக் காட்டினாள்.

முள் இறங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக, ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி.

"அடப்பாவி," என்றான் லைல்.

வெர்னா கதவைத் திறந்தாள். முள் இறங்கிய இடத்திலேயே நின்றது. கதவின் உட்புறத்து வெள்ளைப் பிளாஸ்டிக்கில், ஏற்கெனவே உரசி மழுங்கியிருந்த ஓர் இடத்தில், சிவப்பாக ஒரு பிறைத் தடம். உதடு பட்டது போல இருந்தது. டோலரிஸ் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மூணு பீப்பாய்க்குன்னு இருந்த இடத்துல நாலாவது வந்ததும் முன்னால இருக்குறது கதவை முட்டுது," என்றாள் வெர்னா. "கதவைச் சாத்தும்போது அது இந்த இணைப்பைச் சாய்க்குது. உள்ள ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கு. நேரா இருந்தா கேஸைப் பிடிச்சுக்கும். சாய்ஞ்சா ஒரு பக்கம் தூக்கிக்கும். திறந்ததும் இணைப்பு நிமிர்ந்துக்கும், கசிவு நின்னுடும். யார் திறந்து பாத்தாலும் குற்றவாளி நல்ல பிள்ளையா உக்காந்திருப்பான்."

"அப்போ ரெகுலேட்டர்ல கேட்ட சத்தம்?" என்றான் லைல். "காதால கேட்டேனே!"

"அதுதான் எல்லாரையும் ஏமாத்தினது. ரெகுலேட்டர் கசியல, அது வேலை செய்யுது. உள்ள அழுத்தம் கொஞ்சம் குறைஞ்சா வாயைத் திறந்து கேஸ் விடும். போதும்னு ஆனதும் மூடிக்கும். பிரிட்ஜுக்குள்ள சத்தமில்லாம கேஸ் போகப் போக, இது வெளியில திறந்து திறந்து மூடும். மூச்சு மாதிரி கேக்கும். ஓட்டை ஒரு இடம், சத்தம் ஒரு இடம். வெண்டெல் சத்தத்தைத் தேடினார். ஓட்டையைத் தேடல." வெர்னா கீழே காட்டினாள். "குளிர்ந்த கேஸ் காத்தைவிட கனம். கதவு இடுக்கு வழியா தண்ணி மாதிரி வழிஞ்சு தரையில நிக்கும். அதுலதான் விளக்கு அணைஞ்சுது. நாயோட மூக்கு தரைக்குப் பக்கம், அதனால அது வரல. இவங்க கட்டிலும் கிட்டத்தட்ட அதே உயரம்."

வெண்டெல் சுவரில் சாய்ந்து சறுக்கி உட்கார்ந்தான். "நான்தான். நான்தான் வெச்சேன். அவன் பொண்டாட்டியை நானே..."

"நீங்க ஒரு தடவை வெச்சீங்க," என்றாள் வெர்னா. அவள் டோலரிஸ் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது. "யார் விடுறாங்கன்னு கேட்டீங்க. தினமும் கதவைத் திறந்து பேசிட்டு, அது சாத்திக்காம தானே திறந்துக்கிட்டப்ப, முழங்காலால தள்ளிச் சாத்தினது நீங்க. விடுறது நீங்கதான், மிஸஸ் ஷிமான்ஸ்கி."

லைல் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அழவில்லை. நெடுநேரம் அந்தச் சிவப்புத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பீப்பாயைத் திருப்பி வெச்சா?"

"இணைப்பு கதவுல படாது. சத்தம் நின்னுடும்."

"நின்னுடும்," என்று அவள் திருப்பிச் சொன்னாள். பிறகு, யாரையும் பார்க்காமல்: "அவர் தூக்கத்துல போனார். நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன். கையை நீட்டினா தொடற தூரம். மூச்சு எப்ப நின்னுதுன்னு எனக்குத் தெரியாது. நான் நல்லாத் தூங்கிட்டிருந்தேன். காலையில எழுந்து காபி போட்டு, எழுந்திருங்கன்னு கூப்பிட்டேன். ரெண்டு தடவை கூப்பிட்டேன்." அவள் பிரிட்ஜ் கதவில் கை வைத்தாள். "இங்க கேட்டதும் நினைச்சேன், இந்தத் தடவை தூங்கக் கூடாதுன்னு."

இருட்டிக்கொண்டு வந்த அறையில் நால்வரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டபடி இருந்தார்கள். வெண்டெலின் மூச்சு கரகரத்தது. லைலுக்குத் தன் மூச்சு அநாகரிகமாகச் சத்தம் போடுவதாகத் தோன்றியது.

"வெண்டெல்," என்றாள் டோலரிஸ் கடைசியில். "அதை வெளிய எடு."

"டோலரிஸ், வருஷம் ஆகலையே. திருப்பி வெச்சாலே போதும்னு இவங்க சொல்றாங்க."

"வெளிய எடுன்னு சொன்னேன். உன் வீட்டுக்குக் கொண்டு போ. உன் பிரிட்ஜ்ல வெச்சுக் காப்பாத்து, வருஷத்தன்னிக்கு எல்லாரும் குடிங்க. எனக்கும் ஒரு கிளாஸ் கொண்டு வா."

வெண்டெல் குழாயைக் கழற்றிப் பீப்பாயைக் குழந்தையைத் தூக்குவது போல நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினான். வெர்னா கதவைச் சாத்தினாள். இம்முறை முழங்கால் தேவைப்படவில்லை. சிலிண்டரைத் திறந்துவிட்டுக் காத்திருந்தாள். ரெகுலேட்டர் ஒரு தரம், கடைசியாக, நீளமாக ஸ்ஸ்ஸ் என்றது. பிறகு ஒன்றுமில்லை.

டோலரிஸ் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். எதுவும் வராது என்று உறுதியானபின் மடக்குக் கட்டிலில் உட்காரப் போனாள். வெர்னா அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"மேல போகலாம்."

"அவர் போனப்புறம் அந்தப் படுக்கை ரூமுக்கு நான் போகவே இல்ல."

"தெரியும். நானும் வர்றேன்."

மாடிப் படுக்கையறையில் விரிப்பு அன்றைக்கு விலக்கிய மாதிரியே கிடந்தது. நார்பர்ட்டின் பக்கத்துத் தலையணையில் ஒரு பள்ளம். டோலரிஸ் வாசலில் நின்றாள். லைல் மடக்குக் கட்டிலிலிருந்து எடுத்த போர்வையும் தலையணையும் சுமந்துகொண்டு பின்னால் நின்றான். என்ன செய்வதென்று தெரியாமல் இருமினான்.

"தூங்கிட்டா?" என்று டோலரிஸ் கேட்டாள். நரைத்த தலையோடு, பனியில் நனைந்த காலுறையோடு, ஒரு சின்னப் பெண் கேட்பது போலக் கேட்டாள். "ஏதாவது ஆச்சுன்னா யாருக்குத் தெரியும்?"

வெர்னா தன் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஜன்னலோரம் இருந்த நாற்காலியை இழுத்து, கட்டிலின் அந்தப் பக்கத்தில், தலையணைக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க தூங்குங்க, டோலரிஸ்," என்றாள். முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "உங்க மூச்சை நான் கேட்டுட்டிருக்கேன்."